குறைஞ்சா உடனே ஊத்தாதீங்க, எங்க போச்சுன்னு பாருங்க: வீட்டுல கார் பராமரிப்பு பத்தி வாசகர் கேள்வி பதில்

இந்த தடவை வந்ததுல முக்காவாசி கேள்வி சின்ன பெட்ரோல் கார் வச்சிருக்கறவங்க கேட்டது. ரெண்டு சர்வீஸுக்கு நடுவுல நாமளே என்னென்ன பாத்துக்கலாம், எதுல கை வைக்கலாம், எதுல வைக்கக்கூடாதுன்னு. ஒரே மாதிரி வந்ததை ஒண்ணா சேத்துட்டேன்.

கேள்வி: செகண்ட் ஹேண்ட்ல ஒரு சின்ன கார் வாங்கியிருக்கேன். இதுவரைக்கும் பானெட்டை திறந்ததே இல்ல. நானே பாத்துக்கணும்னு ஆசை, எங்கேருந்து ஆரம்பிக்கறது? என்ன டூல்ஸ் வாங்கணும்?

பதில்: டூல்ஸ் இப்ப வாங்காதீங்க. முதல் மாசம் ஸ்பேனரே தொட வேணாம், பாக்க மட்டும் செய்ங்க. காரோட வந்த கையேட்டை எடுத்து வச்சுக்கிட்டு பானெட்டை திறந்து, டிப்ஸ்டிக் (ஆயில் அளவு பாக்கற குச்சி) எது, கூலன்ட் (இன்ஜின் சூட்டை தணிக்கற தண்ணி) டப்பா எது, பிரேக் ஆயில் டப்பா எது, கண்ணாடி கழுவற தண்ணி ஊத்தற மூடி எதுன்னு ஒவ்வொண்ணா கண்டுபிடிங்க. கையேடு இல்லைன்னா உங்க மாடலோடது நெட்ல பிடிஎஃப்பா கிடைக்கும், ஆனா வருஷமும் இன்ஜினும் சரியா பொருந்துதான்னு பாத்துட்டு எடுங்க.

அப்புறம் ஒரு நோட்டு. தேதி, ஓடின கிலோமீட்டர், ஆயில் எந்த அளவுல இருந்துச்சு, கூலன்ட் எந்த கோட்டுல இருந்துச்சு, நாலு டயர்லயும் எவ்ளோ காத்து, அவ்ளோதான். வாரம் ஒருக்கா எழுதுங்க. இதுக்கு ஏன் இவ்ளோ அழுத்தி சொல்றேன்னா, காருக்குள்ள இருக்கற எந்த அளவும் காரணம் இல்லாம குறையாது, குறைஞ்சா அது எங்கயோ போயிருக்கு, அது எங்கன்னு கண்டுபிடிக்கறதுதான் பராமரிப்புல பாதி வேலை. எழுதி வைக்காதவங்களுக்கு குறையறதே தெரியாது, ரெட் லைட் எரிஞ்சாதான் தெரியும், ஆயில் விஷயத்துல அந்த லைட் எரியறப்போ ரொம்ப லேட் ஆயிருக்கும்.

ஒரு மாசம் கழிச்சு வாங்கணும்னா டயர் காத்து பாக்கற நல்ல கேஜ், சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர், கையுறை, நல்ல டார்ச். இந்த நாலுலயே நிறைய வேலை ஆகும்.

கேள்வி: டிப்ஸ்டிக்கை எடுத்து பாத்தா ஒவ்வொரு தடவையும் வேற வேற அளவு காட்டுது. எதை நம்பறது?

பதில்: முதல் தடவை எடுத்து பாக்கறதை எப்பவுமே நம்பாதீங்க. ஓடின இன்ஜின்ல ஆயில் மேல எல்லா பக்கமும் தெறிச்சு, குச்சி போற குழாயோட சுவர்லயும் ஒட்டிட்டு இருக்கும். கார் சமதளத்துல நிக்கணும், இன்ஜினை நிறுத்தி அஞ்சு பத்து நிமிஷம் விடணும், எல்லா ஆயிலும் கீழ இருக்கற சம்ப்புக்கு, அதாவது ஆயில் தொட்டிக்கு, இறங்கட்டும். குச்சியை உருவி பஞ்சு உதிராத துணியால சுத்தமா தொடைச்சுட்டு, முழுசா அழுத்தி உள்ள விட்டு, திரும்ப எடுத்து பாருங்க. புது ஆயில் தேன் கலர்ல கண்ணாடி மாதிரி இருக்கறதால கோடு எங்க நிக்குதுன்னே தெரியாது, குச்சியை படுக்க வச்சு வெளிச்சத்துல லேசா சாய்ச்சா ஈரமான இடமும் காஞ்ச இடமும் பிரிஞ்சு தெரியும். ரெண்டு பக்கமும் வேற வேற உயரம் காட்டினா கம்மியா காட்டற பக்கத்தை எடுத்துக்கோங்க.

நிறைய சின்ன கார்ல கீழ் குறிக்கும் மேல் குறிக்கும் நடுவுல கிட்டத்தட்ட ஒரு லிட்டர் வித்தியாசம் இருக்கும். மேல் குறிக்கு மேல போறதும் தப்பு, உள்ள சுத்தற கிராங்க் ஷாஃப்ட்ங்கற தண்டு ஆயில்ல அடிச்சு நுரை கிளம்பும், நுரையால தேய்மானத்தை தடுக்க முடியாது.

கேள்வி: ரெண்டு சர்வீஸுக்கு நடுவுல ஆயில் குறையுது. பக்கத்து வீட்டு அண்ணன் "எல்லா வண்டியிலயும் அப்படித்தான், அரை லிட்டர் ஊத்திட்டு போயிட்டே இரு"ங்கறாரு. சரியா?

பதில்: அண்ணன் சொல்றது பாதி சரி. கொஞ்சம் ஆயில் எரியறது எல்லா இன்ஜின்லயும் உண்டு, சில கம்பெனி கையேட்டுல 1000 கிலோமீட்டருக்கு அரை லிட்டர், ஏன் ஒரு லிட்டர் வரைக்கும் கூட ஏத்துக்கலாம்னு போட்டிருப்பாங்க. ஆனா "ஊத்திட்டு போயிட்டே இரு"ங்கறதை நான் ஒத்துக்க மாட்டேன். ஊத்துங்க, கூடவே எங்க போகுதுன்னும் பாருங்க.

ராத்திரி கார் நிறுத்தற இடத்துல ஒரு பெரிய அட்டையை இன்ஜினுக்கு கீழ விரிச்சு வைங்க. காலைல அதுல என்ன சொட்டியிருக்குன்னு பாருங்க. கருப்பா பிரவுனா வழவழன்னு இருந்தா இன்ஜின் ஆயில், அட்டையில எந்த இடத்துல விழுந்திருக்குன்னு பாத்தா டிரெயின் போல்ட்டா (ஆயிலை வடிக்கறதுக்கு அடியில இருக்கற போல்ட்), ஃபில்டரா, மேல வால்வ் கவர் கேஸ்கெட்டுலேருந்து வழிஞ்சு வருதான்னு ஓரளவு பிடிபடும். பச்சை, சிவப்பு, நீலம்னு கலரா இருந்தா கூலன்ட்டா இருக்கலாம். வெறும் தண்ணியா இருந்தா, ஏசி போட்டு ஓட்டினீங்கன்னா அது ஏசி தண்ணி, கவலையே வேணாம்.

அட்டை காஞ்சே இருக்கு, ஆனாலும் குறையுதுன்னா உள்ள எரியுது. காலைல ஸ்டார்ட் பண்றப்போ சைலன்சர்ல நீலப்புகை வந்து அடங்கினா வால்வ் சீல் மேல சந்தேகம், ஆக்சிலரேட்டர் மிதிக்கறப்போ நீலமா வந்தா பிஸ்டன் ரிங் மேல சந்தேகம். குச்சியில ஆயில் பால் கலந்த மாதிரி வெளுத்திருந்தா காரை ஓட்டாம மெக்கானிக்கை கூப்பிடுங்க, கூலன்ட் ஆயில்ல கலக்குது. ஆனா ஒண்ணு, ஆயில் ஊத்தற மூடிக்கு அடியில மட்டும் கொஞ்சம் வெள்ளை நுரை இருந்து குச்சி சுத்தமா இருந்தா, தினமும் ரெண்டு மூணு கிலோமீட்டர் மட்டுமே ஓட்டறதால உள்ள சேர்ற ஈரமாவும் இருக்கலாம். ஒரு நீளமான ஓட்டம் ஓட்டிட்டு திரும்ப பாருங்க.

கேள்வி: ஆயிலும் ஃபில்டரும் நானே மாத்தணும். வீடியோ நிறைய பாத்துட்டேன், ஆனா பயமா இருக்கு. படிப்படியா சொல்ல முடியுமா?

பதில்: பயப்பட வேண்டிய இடம் ஒண்ணே ஒண்ணுதான், காருக்கு அடியில போறது. ஜாக்கி காரை தூக்கறதுக்கு மட்டும், தாங்கிப் பிடிக்கறதுக்கு இல்ல. காரோட வர்ற ஜாக்கி டயர் மாத்தறதுக்காக குடுத்தது, அதை நம்பி ஒரு நிமிஷம் கூட அடியில போகாதீங்க, கையை கூட விடாதீங்க. கெட்டியான சமதரை, ஹேண்ட்பிரேக், பின் சக்கரத்துக்கு ரெண்டு பக்கமும் கட்டை, கையேட்டுல காட்டின இடத்துல ஜாக்கி, தூக்கின உடனே எடை தாங்கற ஸ்டாண்டு. ஸ்டாண்டு மேல இறக்கினதும் காரை பக்கத்துலேருந்து நல்லா தள்ளி பாருங்க, அசையறதா இருந்தா நீங்க வெளியில இருக்கறப்பவே அசையட்டும். செங்கல், கல்லு எல்லாம் அடுக்கி வைக்கவே கூடாது, அது சொல்லாம உடையும். ஸ்டாண்டு வாங்க முடியலைன்னா ஆயில் மாத்தற வேலையை ஒர்க்‌ஷாப்லயே விட்டுடுங்க, மத்த எல்லாத்தையும் நீங்க பாத்துக்கலாம்.

ஆயில் கையேட்டுல போட்ட கிரேடுதான். 5டபிள்யூ-30ன்னா அந்த டபிள்யூ குளிர்காலத்தை குறிக்கறது, முன்னாடி இருக்கற நம்பர் குளிர்ல எவ்ளோ சுலபமா ஓடும்னு, பின்னாடி இருக்கறது 100 டிகிரி சூட்டுல எவ்ளோ கெட்டியா நிக்கும்னு. 0டபிள்யூ-20 போட சொல்லியிருக்கற இன்ஜினுக்கு "கெட்டி ஆயில்தான் நல்லது"ன்னு யாராவது சொன்னா கேக்காதீங்க, அந்த இன்ஜினோட இடுக்கு அளவெல்லாம் அந்த ஆயிலை வச்சுதான் பண்ணியிருக்காங்க. சின்ன இன்ஜினுக்கு பெரும்பாலும் மூணுலேருந்து மூணரை லிட்டர் பிடிக்கும், சரியான அளவு கையேட்டுல இருக்கும்.

இன்ஜினை அஞ்சு நிமிஷம் ஓட விட்டு நிறுத்துங்க. வெதுவெதுன்னு இருக்கணும், கொதிக்கக்கூடாது. மேல ஆயில் மூடியை கழட்டி வைங்க, காத்து உள்ள போனாதான் கீழ சீரா இறங்கும். டிரெயின் போல்ட்டுக்கு ரிங் ஸ்பேனர் இல்லைன்னா சாக்கெட், ஓபன் ஸ்பேனர் போட்டா முனை மழுங்கிடும். அடியில படுத்துட்டு பாக்கறப்போ எந்த பக்கம் திருப்பறதுன்னு குழப்பம் வரும், போல்ட்டோட தலையை நேரா பாத்தபடி கடிகார முள்ளுக்கு எதிர்ப்பக்கம். லூஸ் ஆனதும் ஸ்பேனரை வச்சுட்டு விரலால கழட்டுங்க, கழட்டறப்பவே போல்ட்டை உள்பக்கமா அழுத்தி பிடிச்சுக்கோங்க, கடைசி மரை கழண்டது விரல்ல தெரியும், அப்ப சடார்னு பக்கவாட்டுல இழுங்க. இப்படி செஞ்சா ஆயில் முழங்கை வரைக்கும் வழியாது. முதல்ல ஆயில் தூரமா பீய்ச்சும், வேகம் குறைய குறைய கிட்ட விழும், அதனால டிரேயை கொஞ்சம் தள்ளி வச்சுட்டு அப்புறம் நகத்துங்க.

சொட்டு சொட்டா ஆனதுக்கு அப்புறம் கால் மணி நேரம் விடுங்க. போல்ட்டுக்கு புது வாஷர் போடுங்க, பழசு ஏற்கனவே நசுங்கினது. போல்ட்டை முதல்ல கையாலயே பல சுத்து ஏத்துங்க. கையால போகலைன்னா கோணலா ஏறுதுன்னு அர்த்தம், கழட்டி திரும்ப வைங்க, ஸ்பேனர் போட்டு பலவந்தம் பண்ணா சம்ப்போட மரை போயிடும், நிறைய கார்ல அது அலுமினியம். கடைசி இறுக்கு கையேட்டுல சொன்ன டார்க் (முறுக்கற விசை) அளவுக்கு, டார்க் ரெஞ்ச் வச்சு.

ஃபில்டர் கழட்டினதும் இன்ஜின் பக்கம் தடவி பாருங்க, பழைய ஃபில்டரோட ரப்பர் வளையம் அங்கயே ஒட்டியிருக்கா? அது இருக்கறப்போ புதுசை மாட்டினா ரெண்டு வளையம் ஒண்ணு மேல ஒண்ணு உக்காந்து, ஸ்டார்ட் பண்ணதும் ஆயில் பிரஷர்ல பிச்சுக்கிட்டு ஆயில் மொத்தமும் வெளியில போயிடும். வளையத்தை டிரேல கண்ணால பாத்த பிறகுதான் புதுசு. புது வளையத்துல விரலால கொஞ்சம் ஆயில் தடவி, கையால ஏத்தி, வளையம் தொட்டதும் பெரும்பாலான ஃபில்டருக்கு இன்னொரு முக்கால் சுத்து, அது போதும். ஃபில்டர் மேலயே எழுதியிருக்கும், அதுபடி செய்ங்க. ஸ்பேனர் வச்சு இறுக்காதீங்க.

சொன்ன அளவுக்கு அரை லிட்டர் கம்மியாவே ஊத்துங்க. மூடியை போட்டு ஸ்டார்ட் பண்ணுங்க, ஆயில் லைட் சில வினாடில அணையணும், அணையலைன்னா உடனே நிறுத்துங்க. ஒரு நிமிஷம் ஓட விட்டு, டார்ச் அடிச்சு ஃபில்டர் கிட்டயும் போல்ட் கிட்டயும் கசிவு இருக்கான்னு பாத்துட்டு, நிறுத்தி பத்து நிமிஷம் கழிச்சு குச்சி பாத்து மீதியை கொஞ்சம் கொஞ்சமா ஊத்துங்க. பழைய ஆயிலை கேன்ல அடைச்சு ஒர்க்‌ஷாப்லயோ சேகரிக்கற இடத்துலயோ குடுங்க. மண்ணுல, சாக்கடைல ஊத்தாதீங்க, அது நிலத்தடி தண்ணிக்கு போகும், இதுல எனக்கு எந்த சமரசமும் கிடையாது.

கேள்வி: கூலன்ட் குறைஞ்சா பச்சை தண்ணி ஊத்தலாமா?

பதில்: வழியில மாட்டிக்கிட்டா, இன்ஜின் ஆறினதுக்கு அப்புறம், ஊத்தி வீடு வந்து சேருங்க. அதோட சரி. கூலன்ட்ல இருக்கற கிளைக்கால் கொதிநிலையை ஏத்துது, உறையாம பாத்துக்குது, கூட இருக்கற மருந்து உள்பக்கம் துரு பிடிக்காம காக்குது. குழாய் தண்ணியில இருக்கற உப்பு ரேடியேட்டர்ல படிஞ்சு அடைக்கும். கலக்காத கூலன்ட் வாங்கினா டிஸ்டில்ட் வாட்டரோட பாதிக்கு பாதி, ரெடி மிக்ஸ்னா அப்படியே. கலரை பாத்து வாங்காதீங்க, ஒவ்வொரு கம்பெனியும் ஒரு கலர் போடுது, கையேட்டுல எந்த வகைன்னு பாத்து வாங்குங்க.

சூடான இன்ஜின்ல மூடியை திறக்கவே கூடாது. உள்ள பிரஷர்ல இருக்கறதால 100 டிகிரிக்கு மேல போயும் கொதிக்காம நிக்குது, மூடியை திறந்த நொடியில பிரஷர் போய் மொத்தமும் கொதிச்சு மூஞ்சில அடிக்கும். மேல் ஹோஸை தொட்டு பாத்து ஆறியிருந்தாதான் திறக்கணும். கீழ சிந்தினதை உடனே கழுவி விடுங்க, எத்திலீன் கிளைக்கால் இனிப்பா இருக்கும், நாய் பூனை நக்கிட்டா கொஞ்சமே போதும், செத்துப் போயிடும்.

இதுவும் மூடி போட்டு சுத்தற சமாச்சாரம், மாசா மாசம் குறையக்கூடாது. ஹோஸ் முனையில உப்பு பூத்த மாதிரி கறை, வாட்டர் பம்ப்புக்கு கீழ கோடு, இல்லைன்னா உள்ள முன் சீட் கார்ப்பெட் ஈரமாகி இனிப்பு வாசனை, இதெல்லாம் தேடுங்க. கடைசில சொன்னது ஹீட்டர் கோர் லீக். வெளியில எங்கயும் இல்லாம குறைஞ்சு, இன்ஜின் சூடான பிறகும் வெள்ளைப்புகை நிக்கலைன்னா ஹெட் கேஸ்கெட்டா இருக்கலாம், ஓட்டாதீங்க.

கேள்வி: பிரேக் ஆயில் நடுவுக்கு கீழ வந்துடுச்சு. ஊத்தி ஃபுல் பண்ணிடவா?

பதில்: வேணாம், முதல்ல பிரேக் பேடை பாருங்க. பேட் தேய தேய, அதை அழுத்தற காலிப்பர்ல இருக்கற பிஸ்டன் வெளியில வரும், அந்த இடத்தை நிரப்ப டப்பாவுலேருந்து ஆயில் இறங்கும். அப்ப டப்பா அளவு குறையறது பேட் தேயறதை உங்களுக்கு சொல்ற சேதி. நீங்க ஊத்தி ஃபுல் பண்ணிட்டா அந்த சேதியை அழிச்ச மாதிரி, அப்புறம் புது பேட் போட்டு பிஸ்டனை உள்ள தள்றப்போ டப்பா வழிஞ்சு பெயின்ட்டை அரிச்சுடும். சக்கர இடுக்குல டார்ச் அடிச்சு பாத்தா பேட் தெரியும், உராயற பாகம் 3 மில்லிமீட்டருக்கு வந்துட்டா மாத்தற நேரம்.

பேட் நல்லா இருக்கு, ஆயில் குறைஞ்சிருக்குன்னா அது கசிவு. நாலு சக்கரத்தோட உள்பக்கமும் பாருங்க, நிறைய கார்ல கிளட்சும் இதே டப்பாவுலேருந்துதான் எடுக்குது, அதனால கிளட்ச் பெடலுக்கு மேலயும் பாருங்க. பெடல் பஞ்சு மாதிரி அமுங்கினா, இல்லைன்னா அளவு கீழ் கோட்டுக்கு கீழ போயிருந்தா, கார் ஓட வேணாம், தூக்கிட்டு போக ஏற்பாடு பண்ணுங்க.

கசிவே இல்லைன்னாலும் பெரும்பாலும் ரெண்டு வருஷத்துக்கு ஒருக்கா மாத்த சொல்வாங்க, இது காத்துல இருக்கற ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 தரத்துல புதுசுக்கு கொதிநிலை குறைஞ்சது 230 டிகிரி, ஈரம் ஏறினதுக்கு 155, எவ்ளோ இறங்குது பாருங்க. இறக்கத்துல தொடர்ந்து பிரேக் பிடிக்கறப்போ உள்ள ஆவியாச்சுன்னா பெடல் தரை வரைக்கும் போயிடும். மாத்தற வேலையை தெரிஞ்சவங்க கிட்ட குடுங்க. பாக்கறது உங்க வேலை.

கேள்வி: பத்து நாள் நிறுத்தி வச்சா ஸ்டார்ட் ஆக மாட்டேங்குது. பேட்டரி புதுசு.

பதில்: அப்ப பேட்டரி மேல பழி போடாதீங்க. கார் ராத்திரி நின்னுட்டு இருந்ததுக்கு அப்புறம் மல்டிமீட்டர் வச்சா 12.6 வோல்ட் கிட்ட காட்டணும், 12.2ன்னா பாதிதான் இருக்கு. இன்ஜின் ஓடறப்போ 13.8லேருந்து 14.5க்குள்ள காட்டினா ஆல்டர்னேட்டர் சார்ஜ் ஏத்துது, சில புது கார்ல கம்ப்யூட்டரே ஏத்தி இறக்கும், அதனால கொஞ்சம் முன்ன பின்ன இருக்கும். டெர்மினல்ல வெள்ளையா பச்சையா பூத்திருந்தா மைனஸை முதல்ல கழட்டி, அப்புறம் பிளஸ், சமையல் சோடா கரைச்ச தண்ணியில பிரஷ் போட்டு தேய்ச்சு, காய வச்சு, பிளஸை முதல்ல மாட்டி மைனஸை கடைசில. வரிசை முக்கியம், மைனஸ் இணைஞ்சிருக்கறப்போ பிளஸ்ல இருக்கற ஸ்பேனர் பாடியில பட்டா பெரிய பொறி பறக்கும், பேட்டரி மேல ஹைட்ரஜன் வேற இருக்கும்.

ரெண்டும் சரின்னா நிக்கறப்போ எதுவோ கரன்ட்டை குடிக்குது. டேஷ் கேமராவை நேரா பேட்டரியில இழுத்திருக்காங்களா, டிக்கி லைட் மூடினாலும் எரியுதா (உள்ள போன் வச்சு வீடியோ எடுத்து பாருங்க), பின்னாடி மாட்டின மியூசிக் சிஸ்டம் எப்படின்னு பாருங்க. சரியா பாக்கணும்னா காரை பூட்டி அரை மணி நேரம் எல்லா கம்ப்யூட்டரும் தூங்கற வரைக்கும் விட்டு, மைனஸ் கேபிளுக்கும் பேட்டரிக்கும் நடுவுல மீட்டரை 10 ஆம்பியர்ல வச்சு அளக்கணும், 50 மில்லி ஆம்பியருக்குள்ள இருந்தா சாதாரணம். அதிகமா இருந்தா ஃபியூஸ் ஒவ்வொண்ணா உருவுங்க, எதை உருவினா சட்டுனு இறங்குதோ அந்த லைன்லதான் ஆள் இருக்கு. மீட்டர் இருக்கறப்போ ஸ்டார்ட் பண்ணாதீங்க, ஸ்டார்ட்டர் இழுக்கறது நூறு ஆம்பியருக்கு மேல, மீட்டர் எரிஞ்சுடும்.

கேள்வி: ஏர் ஃபில்டரை தண்ணியில கழுவலாமா?

பதில்: பேப்பர் ஃபில்டர்னா கூடாது. தட்டி தூசி உதிர்த்துட்டு டார்ச் வெளிச்சத்துல பாருங்க, மடிப்புல வெளிச்சமே வரலைன்னா புதுசு போடுங்க. ஃபில்டர் டப்பாவை திறந்தப்போ இன்ஜினுக்கு காத்து போற சுத்தமான பக்கத்துல தூசி விழாம முதல்ல ஈரத்துணியால தொடைங்க.

கேள்வி: டயர் பக்கத்துல 51 பிஎஸ்ஐன்னு போட்டிருக்கு, அவ்ளோவா அடிக்கணும்?

பதில்: இல்லவே இல்ல. அது அந்த டயர் தாங்கற அதிகபட்சம். உங்க காருக்கான அளவு டிரைவர் கதவை திறந்தா தூண்ல ஒட்டின ஸ்டிக்கர்ல இருக்கும், சின்ன கார்ல பெரும்பாலும் 30லேருந்து 36க்குள்ள. ஓட்டறதுக்கு முன்னாடி ஆறின டயர்லதான் பாக்கணும், 10 டிகிரி வெப்பம் மாறினாலே ஒண்ணரை பிஎஸ்ஐ கிட்ட மாறும், ஓடி சூடான டயர்ல இன்னும் அதிகமா காட்டும், அதை பாத்து காத்தை இறக்கிடாதீங்க. நாலுல ஒண்ணு மட்டும் வாரா வாரம் இறங்கினா வால்வ்ல சோப்பு நுரை வச்சு பாருங்க, கொப்பளம் வந்தா வால்வ், வரலைன்னா மிதிக்கற பக்கம் முழுக்க ஆணி தேடுங்க. ஸ்டெப்னியை மறக்காதீங்க, ஒல்லியான தற்காலிக ஸ்டெப்னின்னா அதுக்கு பெரும்பாலும் 60 பிஎஸ்ஐ.

கேள்வி: என் பொண்ணுக்கு 14 வயசு, நான் பானெட் திறந்தாலே ஓடி வந்து நிக்கறா. அவளுக்கு எந்த வேலை குடுக்கலாம்?

பதில்: ரொம்ப சந்தோஷமா இருக்குங்க இந்த கேள்வியை பாக்க. நோட்டை அவ கிட்ட குடுத்துடுங்க, டயர் காத்தும் குச்சி பாக்கறதும் அவ பொறுப்பு, நீங்க பக்கத்துல நின்னா போதும். இன்ஜின் நின்னு ஆறியிருக்கணும், சாவி உங்க பாக்கெட்ல இருக்கணும், ரேடியேட்டர் ஃபேன் இன்ஜின் நின்ன பிறகும் தானா சுத்த ஆரம்பிக்கலாம்னு முதல்லயே சொல்லி வைங்க. வைப்பர் பிளேடு மாத்த கத்துக்குடுக்கலாம், கம்பியை தூக்கினதும் கண்ணாடி மேல மடிச்ச துண்டு ஒண்ணு போட சொல்லுங்க, பிளேடு இல்லாத கம்பி ஸ்பிரிங் வேகத்துல அடிச்சா கண்ணாடி விரிசல் விட்டுடும். காருக்கு அடியில போற வேலை, பேட்டரி கழட்டறது, பிரேக், இதெல்லாம் இப்போதைக்கு வேணாம். ஃபியூஸ் டப்பாவை திறந்து எது எதுக்குன்னு மூடியில இருக்கற படத்தை வச்சு கண்டுபிடிக்க சொல்லுங்க, 10 ஆம்பியர் சிவப்பு, 15 நீலம், 20 மஞ்சள், போனதுக்கு பதிலா அதே ஆம்பியர்தான் போடணும், பெருசு போட்டா ஃபியூஸுக்கு பதிலா ஒயர் எரியும்னு விளக்கி சொல்லுங்க.